போட்டுப் பார்க்கவிடாத சட்டை

கதிர்காமநாதன் முதலாளியின் புடவைக்கடையில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. கிளிநொச்சியில் அப்போது வேறு கடைகளில் அப்படியொன்று இல்லை. மூலையில் பலகை அடித்து, திரை போட்டு, ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டியிருந்தார். வெளிநாட்டில் தைத்த உடுப்புகள் வந்து குவியத் தொடங்கிய காலம் அது. அளவு கொடுத்துத் தைப்பித்தே பழகிய சனம், உள்ளே போய்ப் போட்டுப் பார்த்து, சரியென்று கண்டபிறகுதான் காசை எடுக்கும். வருஷம் முழுக்கத் திறந்து கிடக்கும் அறையைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதலாளி மூடிவிடுவார். உள்ளே துணிக்கட்டுகளை அடுக்கி, வாசலுக்குக் குறுக்கே ஆட்கள் இருக்கிற நீள மர வாங்கு ஒன்றைப் போட்டுவிடுவார். சனம் நெருக்குப்படும் நேரம் ஒருத்தி உள்ளே நின்று அழகு பார்த்தால் வியாபாரம் என்னாவது? தேவையில்லாத நாளில் திறந்து தேவைப்படும் நாளில் மூடுவதற்கென்றே ஒரு அறை. கெட்டிக்காரர்தான்.

எண்பத்திரண்டாம் ஆண்டுப் பொங்கலுக்கு மீனம்மா தன் மகள் சிவலட்சுமிக்கு அங்கேதான் சட்டை எடுத்தாள். மீனம்மா எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவள். மகள் பத்தாம் வகுப்பு. பொங்கலன்று கோயிலில் தேவாரம் பாட ஆசிரியை அவளைத்தான் தெரிவு செய்திருந்தார். நீலச் சட்டை, கழுத்தில் வெள்ளைப் பின்னல். போட்டுப் பார்க்கலாமா என்று மீனம்மா கேட்டதற்கு முதலாளி வாங்கைக் காட்டினார். வீட்டில் போட்டுப் பார், அளவில்லாவிட்டால் பொங்கல் முடிந்து வா, மாற்றித் தருகிறேன் என்றார்.

புதுத்துணி உடம்பில் படுவதற்கு முன் மூலையில் மஞ்சள் வைக்க வேண்டும் என்பது மீனம்மாவுக்குத் தாய்வீட்டிலிருந்து வந்த பழக்கம். சும்மா அளவு பார்க்கத்தானே என்று மஞ்சள் வைக்காமல் போட அவளுக்கு மனம் வரவில்லை. விளிம்பில் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் மகளிடம் கொடுத்தாள். சட்டை தோளுக்குக் கீழேயே இறங்கவில்லை. அந்தப் பிள்ளை பொங்கலன்று பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையோடு போய்த் தேவாரம் பாடிவிட்டு வந்தது.

பொங்கல் முடிந்து தாயும் மகளும் கடைக்குப் போனார்கள். மலிவு விற்பனை நடந்துகொண்டிருந்தது. கடை நிறையச் சனம், அதில் சிவலட்சுமியின் வகுப்புப் பிள்ளைகளும் சிலர். முதலாளி சட்டையை விரித்தார். மஞ்சளைக் கண்டார். அதே மூலையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக் கடை முழுவதற்கும் காட்டினார்.

"பொங்கலுக்கு உடுத்திக் கொண்டாடிப்போட்டு, இப்ப மாத்த வந்திருக்கினம். தோட்டக்காட்டுப் புத்தி. வாயைத் திறந்தால் பொய்தான்."

மீனம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அளவு பார்க்கப் போடத்தான் மஞ்சள் வைத்தோம், அறையை மூடி வைத்தது நீங்கள்தானே என்றாள். முதலாளி அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த ஆளுக்குத் துணி கிழிக்கத் தொடங்கிவிட்டார். வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த நாள் சிவலட்சுமி பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மகளைப் படிப்பித்து ஒரு உத்தியோகத்தில் இருத்துவதற்காகத்தான் மீனம்மா வெயிலிலும் சேற்றிலும் முதுகு வளைத்தாள். கெஞ்சினாள், திட்டினாள், ஒருநாள் கையும் ஓங்கினாள். ஒன்றும் சரிவரவில்லை. மகள் மூலையில் சுருண்டு கிடப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் மூண்டது. இருக்கட்டும், அந்த ஆளை ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

அவள் காத்திருந்தது மாசி மாதத்துக்கு. முதலாளிக்குக் குளத்துக்குக் கீழே ஐந்து ஏக்கர் வயல் இருந்தது. அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிக் காடு வெட்டித் திருத்திய காணி. அந்தப் பக்கத்தில் நெல் அரிவு வெட்டும் பெண்கள் கூட்டத்துக்கு மீனம்மாதான் தலைவி. அவள் வயலில் இறங்கி முதல் பிடியை அரிந்து வரம்பில் வைத்தால்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். அவள் இறங்காத வயலில் வேறொருத்தி அரிவாள் வைத்த பேச்சே கிடையாது. அது யாரும் போட்ட சட்டமில்லை, அவர்களுக்குள் இருந்த மரியாதை.

சுற்றிவர எல்லா வயலும் வெட்டியாயிற்று. முதலாளியின் நெல் முற்றிக் கதிர் உதிரத் தொடங்கியது. கிழக்கே மழை கறுத்துக்கொண்டு நின்றது. முதலில் கடைக் கணக்கப்பிள்ளை வந்தான், மீனம்மா தலை வலிக்கிறது என்றாள். பிறகு முதலாளியே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வேறு ஆட்களைத் தேடி அலைந்து களைத்த முகம். கூலியைக் கூட்டித் தருகிறேன் என்றார், பிள்ளைக்கு நல்லதாக வேறு சட்டை தருகிறேன் என்றார். மீனம்மா அவரை இருக்கச் சொல்லவில்லை.

"கடையில வச்சுச் சொன்னத கடையில வச்சே திருப்பி எடுங்க மொதலாளி. சனம் நெறஞ்சிருக்கிற நேரத்தில. எம் மக முன்னால."

முதலாளி, வியாபாரத்தில் நாலு சொல் வரத்தான் செய்யும் என்று மழுப்பிப் பார்த்தார். மீனம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நெல் இன்னும் இரண்டு நாள் உதிர்ந்தபிறகு, சரி, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று ஆள் அனுப்பினார்.

உண்மையைச் சொன்னால், மீனம்மாவின் மனத்தில் இருந்தது அது மட்டுமில்லை. முதலில் அவர் வாயால் சொல்ல வைப்பது, பிறகு அரிவுக்குப் போகாமல் விட்டு அந்த நெல்லை நிலத்தில் அழுக வைப்பது. நினைக்கவே அவளுக்குத் தித்தித்தது.

மாட்டேன் என்ற மகளை வெள்ளிக்கிழமை இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். கடையில் நல்ல சனம். முதலாளி மேசையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல மொதலாளி. அன்னைக்கு நல்லாக் கேட்டுச்சு."

துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். முதலாளி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை. இந்தப் பிள்ளை சட்டையை உடுத்தேல்லை. இவையள் பொய் சொல்லுற ஆக்கள் இல்லை."

அதுவரை மீனம்மாவை நீ என்று கூப்பிட்டவர் தணிந்த குரலில் மரியாதையாக, "நாளைக்கு விடிய வருவியள்தானே?" என்று கேட்டார். வருகிறோம் என்று மீனம்மா வாய்கூசாமல் சொன்னாள்.

வழியில் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாளைக்கு அந்த ஆள் வரம்பில் நின்று வழி பார்க்கட்டும், ஒரு குருவிகூடப் போகாது என்று மகளிடம் சொன்னாள். சிவலட்சுமி நடப்பதை நிறுத்தினாள்.

"அப்ப நம்மளப் பொய்க்காரங்கன்னு அவர் முதல்ல சொன்னதுதானே அம்மா உண்மை?"

மீனம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. உனக்காகத்தானே இவ்வளவும் செய்தேன் என்று நடுத்தெருவில் கத்தினாள். மகள் திரும்பிக் கத்தவில்லை.

"நீங்க நாளைக்கு வயலுக்குப் போனா, நான் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போறேன். போகாட்டி நான் எந்த முகத்தோட போறது?"

வீட்டுக்கு வந்ததும் மீனம்மா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டாள். அந்த ஆளின் நெல் அழுகுவதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

விடிய மழை தூறிக்கொண்டிருந்தது. மீனம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வயலில் இறங்கி, முதல் பிடியை அரிந்து வரம்பில் வைத்தாள். பெண்கள் மளமளவென்று இறங்கினார்கள், வெட்டிய நெல் கட்டுக்கட்டாக வரம்பில் சேர்ந்தது. வெள்ளை வேட்டியோடு குடை பிடித்து நின்ற முதலாளி கிட்டே வந்து, பெரிய உதவி, மறக்கமாட்டேன் என்று தொடங்கினார்.

"ஒங்களுக்காக வரல மொதலாளி," என்றாள் மீனம்மா. "நீங்க மொதல்ல எங்களச் சொன்னது பொய்யாவே இருக்கணும்னு வந்தேன்."

அவளுக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அரிவாளால் நெற்கட்டுகளைக் காட்டினாள்.

"நின்னு பாக்காமத் தூக்குங்க. மழை வருது."

முதலாளி குடையை மடக்கி வரம்பில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நனைந்த நெற்கட்டு ஒன்றைத் தலையில் தூக்கினார். மீனம்மா அன்று மாலைவரை அவரை நிற்க விடவில்லை.