ஏழு வரை எண்ணுங்கள்

…இல்லை, சத்தம் சரியாகத்தான் இருக்கிறது, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிறது, நான்தான் வீணாகப் பதறுகிறேன், ஸ்பீக்கரில் பச்சை விளக்கு எரிகிறது, 'வணக்கம், இது ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் பாட்காஸ்ட், இன்று ஆவியாதல், இரண்டாம் பகுதி' என்கிறது சௌமியாவின் குரல், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியோ இரண்டாவது பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். போன வருடம் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் மிஸ்' என்று சொல்வதற்கே பக்கத்தில் இருப்பவள் இவளைக் கிள்ள வேண்டும், இப்போது பார், என்ன ஒரு தெளிவு, என்ன ஒரு நிதானம்… எனக்குப் பெருமை தாங்கவில்லை, சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. பத்தொன்பது வருடமாக ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், என் வகுப்பைப் பார்க்க இதுவரை யார் வந்தார்கள், பல்லிதான் வந்தது. இன்றைக்கு என் நாற்காலியில் தலைமையாசிரியை முனவ்வர் பேகம் மேடம், பக்கத்தில் ஷூ கம்பெனியின் எச்.ஆர். ஆபீசர் ஆதிகேசவன் சார், இந்த ஸ்பீக்கரும் இரண்டு மைக்கும் அவர்கள் கம்பெனி கொடுத்தவை, கொடுத்தது எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்க வந்திருக்கிறார். ஜன்னலோரம் நின்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உச்சி குளிர்ந்துபோய் நிற்கிறேன் என்பது யாருக்கும் தெரியக்கூடாது.

'இன்னா சோபனா, பாடம் நடத்தறீங்களா, ரேடியோ ஸ்டேஷன் நடத்தறீங்களா?' என்று ஜூன் மாதம் கேட்ட அதே மேடம்தான் இப்போது தாடையில் கைவைத்து ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆவியாதல் என்று போர்டில் எழுதினால் பத்துப் பேர் தூங்கிவிடுவார்கள், எழுதிப்போட்டே எத்தனை வருடம் தூங்கவைத்தேன்… அதையே இவர்கள் எழுதி, பேசி, பதிவு செய்து, வெட்டி ஒட்டி, மூன்று நிமிடம் கேட்டு, நிறுத்தி, சண்டை போட்டு, மறுபடி கேட்டால் ஒருத்தியும் கண்மூடுவதில்லை. பதிவு செய்ய இடம் இல்லாமல் தவித்தபோது சத்துணவு அரிசி வைக்கும் அறையைக் கண்டுபிடித்தவள் நான், மூட்டைகள் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், வெளியே லாரி போனாலும் கேட்காது, என்ன, வெளியே வரும்போது எல்லோருக்கும் தும்மல். அப்புறம் அந்த ஏழு, அதுவும் என் மூளைதான். யாரிடமாவது கேள்வி கேட்டால் மனசுக்குள் ஏழு வரை எண்ணுங்கள், நடுவில் வாயைத் திறக்காதீர்கள், எதிரில் இருப்பவர் தானாகப் பேசுவார் என்று சொல்லிக்கொடுத்தேன், நான் மூன்றைத் தாண்டியதில்லை, அது வேறு விஷயம். பிள்ளைகள் தாண்டினார்கள். 'ஈரத்துணி வெயிலில் ஏன் சீக்கிரம் காய்கிறது?' என்கிறாள் ஸ்பீக்கரில் சௌமியா, அமைதி, முப்பத்தொரு தலையும் நிமிர்கிறது, ஆதிகேசவன் சாரின் தலையும் நிமிர்கிறது பார். 'சூப்பர் மேடம், பொண்ணுங்க பிச்சு உதறுறாங்க' என்று மேடத்திடம் குனிந்து சொல்கிறார், சொல்லட்டும், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால்தான் என்ன.

ஆனால் ஏழாவது நிமிடம் வரப்போகிறது, அங்கேதான் ஒட்டுப்போட்ட இடம்… ஒரு கேள்வியை நான் வெட்டச் சொன்ன இடம். முதல் பகுதியை வாட்ஸப்பில் போட்டோம், கம்பெனி வேன் டிரைவர் அதைச் சாயங்காலம் வேன் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார், வேலை முடிந்து போகிற அம்மாக்கள் எல்லோரும் என் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி சௌமியாவின் அம்மா தனபாக்கியம், பேஸ்டிங் செக்ஷனில் ஷூவின் தோல் துண்டுகளுக்குச் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி ஒட்டுகிறவள், எட்டாவதோடு நின்றவள், மகளின் போனில் பேசிப் பதிந்து எனக்கு ஒரு கேள்வி அனுப்பினாள். 'டீச்சர், தண்ணி ஆவியாப் போய்டுதுன்னு பொண்ணுங்க சொன்னாங்க. எங்க சொல்யூஷன் டப்பாவ தொறந்து வச்சாலும் கம்மியாய்டுது. அது எங்க போவுது? எங்க மூக்குலதான போவுது? உள்ள போனது வெளிய வந்துருமா, உள்ளயே தங்கிடுமா?' பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை எந்தப் பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை, கேட்டவுடன் எனக்குப் புல்லரித்தது, சத்தியமாக. புல்லரித்து முடிந்ததும் பயம் வந்தது. அந்தக் குரலைப் பிள்ளைகள் அப்படியே இரண்டாம் பகுதியில் சேர்த்திருந்தார்கள், ஆதிகேசவன் சார் வருவதோ திங்கட்கிழமை, குரலைக் கேட்டால் யாரென்று தெரியாதா அவருக்கு, கம்பெனியில் வாய் திறந்தவர்களை யாரும் திட்டமாட்டார்கள், தூரத்து யூனிட்டுக்கு மாற்றுவார்கள், அந்தப் பக்கம் வேன் போகாது, அவளாகவே நின்றுவிடுவாள். வெள்ளிக்கிழமை சௌமியாவைக் கூப்பிட்டு, 'அந்தக் கேள்விய எடுத்துடும்மா, அம்மாவுக்குத்தான் தொல்லை' என்றேன். ஏழு எண்ணியிருப்பாள் என்று நினைக்கிறேன், அப்புறம் 'சரி மிஸ்' என்றாள். அம்மாவுக்காகத்தான் சொன்னேன்… மைக்குக்காகவும் சொன்னேன். அடுத்த வருடம் ஆறு மைக் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களே, எது முதலில் ஞாபகம் வந்தது, தனபாக்கியமா, மைக்கா? வேண்டாம், இப்போது அதைக் கிளறாதே.

இதோ, ஆறு நிமிடம் ஐம்பது, 'சில பொருட்கள் தண்ணீரைவிட வேகமாக ஆவியாகும்' என்கிறாள், இதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி இருந்தது, இப்போது நேராக அடுத்த உதாரணமான உப்பளத்துக்குப் போய்விடும், காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், ஒட்டுத் தெரியாமல் ஒட்டியிருக்கிறாளா என்று… 'எங்க சொல்யூஷன் டப்பாவ'. யார் அது? தனபாக்கியம் இல்லை, இது கடைசி பெஞ்சு மோகனாவின் குரல். 'தொறந்து வச்சாலும்' இன்னொருத்தி, 'கம்மியாய்டுது' இன்னொருத்தி, 'அது எங்க போவுது' என்று மூன்று பேர் சேர்ந்து, 'எங்க மூக்குலதான போவுது' என்று எத்தனை பேரோ, 'உள்ள போனது வெளிய வந்துருமா, உள்ளயே தங்கிடுமா' என்று வகுப்பு மொத்தமும்… காலையில் பிரேயருக்கு முன்னால் அரிசி அறையிலிருந்து முப்பத்தொரு பேரும் தும்மிக்கொண்டு வந்தார்களே, வரவேற்புப் பாட்டு ஒத்திகை என்றுதானே நினைத்தேன், மக்கு, மக்கு. இந்த வகுப்பில் இருபத்தாறு பேரின் அம்மா கம்பெனிக்குப் போகிறவர்கள், இதில் யாரைத் தூரத்து யூனிட்டுக்கு மாற்றுவார் ஆதிகேசவன் சார்? எடுத்துவிடு என்று சொன்னேன், அம்மாவின் குரலை எடுத்துவிட்டாள், சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளை, கேள்வியை மட்டும் முப்பத்தொரு பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்குத் தோன்றவே இல்லை, கண் கரிக்கிறது, அழுதால் மானம் போய்விடும், என் பிள்ளைகள், என் பிள்ளைகள்… மேடம் தாடையிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஆதிகேசவன் சாருக்குக் கோபமா என்று பார்க்கிறேன், தெரியவில்லை, விரல் மூக்கின் அருகே போய் நின்றிருக்கிறது, அவரும் தினமும் இரண்டு முறை அந்த செக்ஷன் வழியாக நடக்கிறவர்தானே. 'இதற்கான பதிலை எங்கள் சோபனா மிஸ் சொல்வார்' என்கிறது சௌமியாவின் குரல். அப்புறம் ஒன்றுமில்லை. பச்சை விளக்கு எரிகிறது, பதிவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அமைதியையும் சேர்த்துப் பதிவு செய்திருக்கிறாள். இரண்டாவது பெஞ்சில் நகம் கடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னையே பார்க்கிறாள், எல்லோரும் பார்க்கிறார்கள், ஆதிகேசவன் சாரும் பார்க்கிறார். பதில் எனக்குத் தெரியும், தெரியாமல் இல்லை, உள்ளே போனது முழுதாக வெளியே வருவதில்லை, இவ்வளவுதான், ஒரு வரி. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, உதடுகள் மட்டும் லேசாக அசைகின்றன, எண்ணுகிறார்கள், மூன்று, நான்கு… ஏழு இவ்வளவு நீளமானது என்று இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லையே, ஐந்து…