அடிவயிறும் தலைமையுரையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் பெண்கள் நல முகாம் ஒன்பது மணிக்கே தொடங்கிவிட்டது. ஈப்போவிலிருந்து வந்த டாக்டர் ஷஹீதாவின் கைக்கு மைக் போனபோது பத்தே முக்கால். அதுவரை கோயில் தலைவர் ஜெயபாலன் ஆறு பேருக்குப் பொன்னாடை போர்த்தினார். ஏழாவதைத் தாமே வாங்கிக்கொண்டார். பெண்களின் உடல்நலம் பற்றி அவர் ஆற்றிய உரையில் தாய்மை பதினோரு முறை வந்தது. கர்ப்பப்பை ஒருமுறைகூட வரவில்லை.

டாக்டர் பதினொன்றரைக்குக் கிளம்பிவிடுவார். கையுறைத் தொழிற்சாலையில் லீவு போட்டு வந்திருந்த தினேஸ்வரிக்கு அதுதான் கவலை. இரண்டு வருடமாக அடிவயிற்றில் வலி. போன கிளினிக்கில் எல்லாம் வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்றைக்குக் கேட்டே ஆகவேண்டும்.

மேடை நாகரிகம் கருதி, கேள்விச் சீட்டுகளைத் தலைவரே வாங்கி வைத்திருந்தார். தினேஸ்வரி ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்ததைப் படித்தவர் இரண்டு முறை இருமினார்.

"ஒரு சகோதரிக்கு வயித்து வலியாம். காத்துதான். இஞ்சித்தண்ணி குடிங்க. அடுத்தது..."

தினேஸ்வரி எழுந்துவிட்டாள். "அண்ணே, நான் எழுதுனது அது இல்லலா."

"ஆம்பளைங்க இருக்கற இடம் தங்கச்சி."

"நீங்க ஒரு ஆள்தான் இருக்கீங்க. வெளிய மீ கோரெங் ரெடி, போய் சாப்பிடுங்க."

மண்டபம் சிரித்து ஓய்வதற்குள் அவள் டாக்டரைப் பார்த்துத் திரும்பினாள். "மாதவிலக்குக்கு நாலு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிரும் டாக்டர். இடுப்பு வரைக்கும் இழுக்கும். வீட்டுக்காரர்கூட இருந்தாலும் வலிதான். ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னாங்க."

டாக்டர் மேடையை விட்டு இறங்கி வந்தார்.

"கர்ப்பப்பையில சதைக்கட்டி, சினைப்பையில நீர்க்கட்டி, உள்ள கிருமி, காரணம் பலது இருக்குக்கா. நீங்க சொல்றதுக்கு எண்டோமெட்ரியோசிஸான்னு முதல்ல பாக்கணும். கர்ப்பப்பைக்குள்ள இருக்கற மாதிரி சவ்வு வெளியவும் வளர்றது. ஸ்கேன்ல தெரியாமலும் இருக்கும்."

"அப்ப காத்து இல்லயே?"

"காத்து மாசாமாசம் தேதி பாத்து வராதுக்கா."

டாக்டர் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, மகளிர் நோய்ப் பிரிவுக்குக் கடிதம் எழுதினார். மேடையில் நன்றியுரை தொடங்கியது. கேட்க ஆளில்லை, பெண்கள் தினேஸ்வரிக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள், சீட்டு இல்லாமல்.

தினேஸ்வரி ஆங்கிலத்தில் இருந்த கடிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டு வருடம், நாலு நாள், இடுப்பு, வீட்டுக்காரர். சொன்னதில் ஒன்றும் விட்டுப்போகவில்லை.