ஓடையைத் தாண்டிய இளவரசன்

பெண் வேடம் போடப் பெண் எதற்கு என்று கேட்ட கட்சியில் முதல் ஆள் நான்தான். கட்சி என்ன கட்சி, அது என் பிழைப்பு. ஸ்திரீபார்ட் கன்னையன் என்றால் மதுரைப் பக்கத்து மேடைகளுக்குத் தெரியும். பயாஸ்கோப் வந்த பிறகு பட்டணத்துக் கம்பெனி ஒன்று என்னைக் கதாநாயகியாகப் பிடித்துப் போட்டது. பேசாத படம், என் குரல் கரகரத்துப் போனது யாருக்கும் தெரியாது. கதாநாயகியின் பச்சைச் சேலை என் உடம்பில் இருக்கும்வரை எனக்குச் சோறு உண்டு. அது போனால் இந்த வயதில் நான் எங்கே போவேன்?

படத்துக்கு மலை வேண்டும், ஓடை வேண்டும் என்று போடிக்கு வந்து சேர்ந்தோம். படப்பெட்டியைக் கழுதைமேல் ஏற்றி, போடிமெட்டுப் பாதையில் மூச்சிரைக்க ஏறி, ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் இறங்கினோம். தாய் வேடக்காரர் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழேயே தங்கிவிட்டார். டைரக்டர் துரைராஜு பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார், கழுதை உட்காரவில்லை.

தோட்டத்தில் முதல் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பறிக்கிற பெண்கள் எல்லோரும் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்தார்கள். அது அவர்களுடைய விரதம். பறித்த காய் உலர்ந்து மலைச்சாமிக்குப் படைக்கும்வரை ஆண் கை மேலே படக் கூடாது. கட்டின புருஷனுக்கும் அதே சட்டம். இதை எனக்குச் சொன்னவள் கருத்தம்மா. சிலமலை ஊர்க்காரி, துடுக்கான வாய். வெற்றிலையை மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, "அக்கா, சீல எந்தூர்ல எடுத்தீக?" என்று கேட்டாள். நான் சேலையும் டோப்பா முடியுமாகத் தலையைக் குனிந்து சிரித்துவைத்தேன். என் தொழிலுக்கு அதைவிட வேறு என்ன பரிசு வேண்டும்!

முதல் காட்சி இதுதான். மலைப் பெண்ணை இளவரசன் இரு கையிலும் ஏந்தி ஓடையைத் தாண்ட வேண்டும். போகிற மகளைப் பார்த்து இக்கரையில் தாய் அழ வேண்டும். இளவரசன் சின்னச்சாமி ஒடிசலான ஆள். நான் அப்படி இல்லை. தூக்கிவிட்டான், பாவம். நடு ஓடையில் அவனுக்குக் கால் வெடவெடத்தது. இருவரும் தொப்பென்று விழுந்தோம். என் டோப்பா மட்டும் தனியாக மிதந்து போயிற்று.

"ஆத்தீ! ஆம்பளையா இது!" கரையில் கருத்தம்மா கத்தினாள். "காப்புக் கட்டின கையால வெத்தல மடிச்சுக் குடுத்தேனே!"

"வெத்தலதானடி குடுத்த, கையவா குடுத்த? சாமி கோவிக்காது, போ" என்றாள் முனியாயி. ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்து மலையிறக்குகிறவள் அவள். வாட்டசாட்டமான உடம்பு.

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் மட்டும் சிரிக்காமல் கருத்தம்மாவையே பார்த்தார். "இந்தப் பொண்ணையே போட்டா என்ன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடும்பப் பெண் நடிக்க வருவாளா, வந்தால் ஊர் ஒப்புமா, இந்தக் கறுப்பு முகம் படப்பெட்டியில் விழுமா, பெண்ணைப்போல் நடக்க இவளுக்கு யார் பாடம் சொன்னது என்று அடுக்கிக்கொண்டே போனேன். நான் எங்கே போவேன் என்பதை மட்டும் கேட்கவில்லை.

"பவுடரு பூசின உங்க மொகமே விழுந்த பெட்டியில என் மொகம் விழாதாக்கும்?" என்றாள் கருத்தம்மா. "நான் வர்றேன். எங்க வீட்டு ஆளுகிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா இந்த இளவரசு அண்ணன் என்னையத் தூக்கக் கூடாது. காப்புக் கட்டியிருக்கு."

"காப்பு எப்போ அவிழ்ப்பீங்க?" என்றார் டைரக்டர்.

"காய் காயணும். மழை விடணும்."

வானத்தைப் பார்த்தோம். விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி மேகம் நகர்கிற வழியாக இல்லை.

"முனியாயிக்கா தூக்கட்டும்" என்றாள் கருத்தம்மா. "அக்கா பறிப்புக்கு வரல, அதுக்குக் காப்பு இல்ல. மூட்டைக்கு முன்னால நான் ஒரு கனமா?"

சின்னச்சாமி துள்ளிக் குதித்தான். "பொம்பளை ஆம்பளை வேசம் போடுறதா? அடுக்குமா? ஊரு சிரிக்காதா?"

நான் அவன் பக்கத்தில் நின்று ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தேன். சேலையைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன், அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "ஏண்டா, இத்தன வருசமா நான் கட்டிக்கிட்டு இருக்கிறது வேட்டியா?" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. என் கட்சிக்கு நானே கொள்ளி வைத்துவிட்டேன்.

தட்டி மறைவில் பெண்கள் பச்சைச் சேலையைக் கருத்தம்மாவுக்குக் கட்டிவிட்டார்கள். முனியாயிக்கு நானே மீசை ஒட்டினேன். "கூசுது அப்பு" என்று நெளிந்தாள். "ஆம்பளைன்னா பொறுத்துக்கணும் ஆத்தா" என்றேன். டைரக்டர் என்னிடம் ஒரு வெள்ளைச் சேலையை நீட்டினார். "தாய் வேஷத்துக்கு ஆள் இல்லை, கன்னையா. நில்லு."

நின்றேன். கூடையைத் தூக்குகிற மாதிரி முனியாயி கருத்தம்மாவைத் தூக்கினாள்; தண்ணீரில் கால் பிசகாமல் நடந்தாள். நான் கண்ணைக் கசக்கி அழுகிற மாதிரி காட்ட வேண்டும். கசக்க வேண்டியிருக்கவில்லை. என் சேலை அக்கரைக்குப் போகிறது. இனி என்னிடம் திரும்பாது. நடு ஓடையில் கருத்தம்மா திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு அழகாக இருந்தாள்! அந்த வயிற்றெரிச்சலில் இன்னும் அழுதேன். படப்பெட்டியின் கைப்பிடியைச் சுற்றுகிறவர் நிறுத்தவே இல்லை.

படம் போடிக்கு வந்தபோது சந்தைத் திடலில் கொட்டகை போட்டார்கள். அடுத்த படத்துக்கு யாரை வைத்துக்கொள்வது என்று டைரக்டர் இன்னும் சொல்லவில்லை. ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓடைக் காட்சிக்கு விசில் பறந்தது. "ஆம்பளைன்னா இவன் ஆம்பளை! எப்படித் தூக்குறான் பாருய்யா!" என்று என் பக்கத்து ஆள் தொடையைத் தட்டினார். பெண்கள் பக்கத்திலிருந்து முனியாயியின் சிரிப்புக் கேட்டது.

அடுத்து, திரை முழுக்க என் முகம். கொட்டகை அடங்கிப்போயிற்று. பக்கத்து ஆள் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"அண்ணே, நீங்க என்ன வேணாச் சொல்லுங்க. ஆத்தா வேசத்துக்கு மட்டும் நெசப் பொம்பளையத்தான் போடணும். இந்த மாதிரி அழுக ஆம்பளைக்கு வராது."

"வராது தம்பி" என்று மூக்கைச் சிந்தினேன். பின் வரிசையிலிருந்து டைரக்டரின் கை என் தோளில் தட்டியது.