ஒளிவதற்கு ஓர் ஆள்

நாய்களின் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மச்சினன். வேன்காரர் குடத்தைக் கீழே வைக்காமலே போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார்.

"அத்தான்..."

"சொல்லுடா."

"அப்பா போயிட்டாரு அத்தான். பால் வேணுமான்னு கேட்டேன். பேசல. தூங்குறாருன்னுல்ல நெனச்சேன்."

கிண்ணம் நிரம்பித் தண்ணீர் அவர் செருப்பின்மேல் ஓடியது.

"அக்காகிட்ட குடுங்க."

"அவ உள்ள இருக்கா. நாய் தேடிக்கிட்டிருக்கு."

"அப்பா செத்துட்டாருங்கறேன், நாய் தேடுதுங்கறீங்க!"

"உங்கப்பா சொன்னதத்தான்டா செய்யறேன். டாக்டரக் கூப்பிடு. ஜன்னலத் திறந்து வை. வந்துடறோம்."

தொலைந்துபோனவர்களைத் தேடுவதற்கு நாய் பழக்குகிறவள் அவர் மனைவி. போலீஸ்காரர்களுக்கு அவள் நாய்க்காரம்மா. அவளையும் நாய்களையும் ஏற்றிக்கொண்டு போவதால் இவர் வேன்காரர். "நான் கட்டிக்கிட்டது அவள மட்டுந்தான். நாய்ங்க சீதனம்" என்பார். அவற்றுக்குத் தண்ணீர் வைப்பார், வேனைக் கழுவுவார். தொடமாட்டார்.

காலையில் கிளம்பும்போது அவள் அப்பாவின் தலையணையைச் சரிசெய்துகொண்டே நின்றாள். சரியாக இருந்ததைத்தான் சரிசெய்தாள்.

"இன்னிக்குப் போகலப்பா."

"நாளைக்கு அங்க கான்கிரீட் போட்டுருவாங்கன்னியே. அந்தப் பொண்ணு எத்தன வருஷமா காத்துக் கெடக்கா. நான் எங்க ஓடிறப்போறேன்? போ."

அவள் நாய்களை ஏற்றப் போனதும் கிழவர் மருமகனின் சட்டைக் கையைப் பிடித்தார்.

"மாப்ள, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நாய் எடத்தக் கண்டுபிடிச்சு உக்கார்ற வரைக்கும் அவகிட்ட மூச்சு விடாதீங்க."

"என்ன பேச்சு மாமா இது."

"அவ கை நடுங்குனா கயித்து வழியா நாய்க்குப் போயிரும். அப்புறம் அது மண்ண மோக்காது. அவ மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நிக்கும்."

தையல்காரராக இருந்தவருக்கு நாய்களைப் பற்றி இவ்வளவு தெரிந்ததற்குக் காரணம் உண்டு. அவர்தான் ஒளிகிறவர். செத்தவர்களை மட்டுமே கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் நாய்க்கு மனசு விட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் உயிரோடு ஓர் ஆளை அது கண்டுபிடித்தாக வேண்டும். வேனின் ஹாரன் கேட்டதும் கிழவர் கட்டிலுக்கடியிலோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ போய்ப் பதுங்குவார். நாய் வந்து முகத்தை நக்கியதும், "கண்டுபிடிச்சிட்டியா, திருட்டுக் கழுத!" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டால்தான் நாய்களுக்கு வேலை முடியும். எழுந்திருக்க முடியாத இந்தக் கடைசி நாட்களில் படுத்தபடியே போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "ஒளிஞ்சிட்டேன், விடு" என்பார். நாய்களும் அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை.

வேன்காரர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிண்ணத்தை எடுத்துப் போனார்.

அவர்கள் தேட வந்திருந்தது மூடிக்கிடந்த ஒரு மர அறுவை மில். கொட்டகைக்குப் பின்னால் புல் இடுப்பளவு நின்றிருந்ததை வெட்டியிருந்தார்கள். வேலியோரம் ஒரு பெண் நின்றாள். அவளுடைய அக்கா இங்கே கணக்கு எழுதப் போனவள், ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வரவில்லை. "லாரி டிரைவரோட ஓடிட்டா" என்றார் மேனேஜர். ஊரே அப்படித்தான் சொன்னது. தங்கை மட்டும் இருபது வருஷமாக ஒவ்வொரு இன்ஸ்பெக்டராகப் பார்த்து வந்தாள். இந்த இன்ஸ்பெக்டர்தான் காது கொடுத்துக் கேட்டார்.

நாய்க்காரம்மா கடப்பாரையால் தரையில் அங்கங்கே ஆழமாகக் குத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"எதுக்கும்மா நிக்கறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மண்ணு மூச்சு விடட்டும் சார். அப்பத்தான் வாசம் மேல வரும்."

மகாராணி தண்ணீர் குடிக்க வந்தது. மூத்த பெண் நாய், காதுகள் கன்னம்வரை தொங்கும். கிண்ணத்தில் வாய் வைக்கப் போனது நிமிர்ந்தது. வேன்காரரின் உள்ளங்கையை மோந்தது. பிறகு மணிக்கட்டை. பிறகு, இத்தனை வருஷத்தில் செய்யாத காரியமாக, தன் முழு பாரத்தையும் அவர் முழங்காலில் சாய்த்து நின்றது.

"போ, தண்ணி குடி" என்றார்.

மனைவி நாயைப் பார்த்தாள். வால் எங்கே இருக்கிறது, காது எப்படி இருக்கிறது என்று வழக்கமாகப் பார்க்கிற பார்வைதான். பிறகு அவரைப் பார்த்தாள்.

"செருப்பெல்லாம் நனஞ்சிருக்கு" என்றாள்.

"தண்ணி கொட்டிட்டேன்."

"ம்."

அவ்வளவுதான். அவள் குனிந்து மகாராணியின் கழுத்துப் பட்டையிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"கயிறு வேணாமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இப்ப வேணாம் சார். அது தானா போகட்டும்."

மகாராணி குத்திய துளைகளை ஒவ்வொன்றாக மோந்துகொண்டு போனது. நாய்க்காரம்மா தூரத்திலேயே நின்றாள், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. அவள் அப்படி நின்று அவர் பார்த்ததில்லை. கொட்டகைச் சுவரோரம், பழைய மரத்தூள் மக்கிக் கறுத்துப்போன இடத்தில், மகாராணி ஒரு சுற்று சுற்றியது. திரும்பி வந்தது. மறுபடி போனது. உட்கார்ந்தது.

வேலியோரம் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் இல்லம்மா" என்றாள் நாய்க்காரம்மா. "இன்னொருத்தனும் சொல்லணும்."

அந்த இன்னொருத்தன் வக்கீல். எதற்கெடுத்தாலும் குரைத்து வாதாடுவதால் கிழவர் வைத்த பெயர். வேனிலிருந்து எதையும் பார்க்காதபடி திரை போட்டு வைத்திருந்த அவனையும் கயிறில்லாமல் விட்டாள். அவன் நாலு பக்கமும் ஓடினான், பட்டாம்பூச்சியைத் துரத்தினான், இன்ஸ்பெக்டரின் பூட்சை மோந்தான். கடைசியில் அதே மரத்தூளின்மேல் போய், குரைக்காமல், உட்கார்ந்தான்.

தோண்ட ஆரம்பித்தார்கள். வெகுநேரம் கழித்து முதலில் வந்தது ஒரு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா. ஒரு போலீஸ்காரர் அதைத் துடைத்துத் தூக்கிப் பிடித்தார்.

"மூடி நெளிஞ்சிருக்கா பாருங்க" என்றாள் தங்கை, வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே.

"நெளிஞ்சிருக்கும்மா."

"நான் கீழ போட்டது. அதுக்கு என்னை அடிச்சா." கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எங்கக்கா எங்கயும் ஓடிப்போகல சார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில், "மேனேஜர் வீட்டுக்கு ஜீப் அனுப்பு" என்றார். "நீங்க கிட்ட வர வேணாம்மா. நான் கூப்பிடறேன்."

வேன்காரர் மனைவியிடம் போனார். கயிறு இன்னும் கையில் இருந்தது.

"இந்தா..."

"எப்போ?" என்றாள்.

"தண்ணி ஊத்தும்போது."

அவள் தலையசைத்தாள். "என் கை சரியா இல்ல. அதான் கயித்தக் கழட்டினேன்."

"மாமாதான் சொல்ல வேணாம்னாரு."

"சொல்லியிருப்பாரு." அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். "தூக்கத்துலயா?"

"தூக்கத்துலதான்."

காலடியில் இரண்டு நாய்களும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. வேலை முடியவில்லை என்று அவற்றுக்குத் தெரியும்.

"வீட்டுக்குப் போனதும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, "நீங்க ஒளியறீங்களா?" என்றாள்.

மில்லின் எடை போடும் அறை இருட்டாக இருந்தது. வேன்காரர் உடைந்த மேஜைக்கடியில், எலிப்புழுக்கை வாசத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வயதில் மாமா எப்படித்தான் இப்படி உட்கார்ந்தாரோ. வெளியே நகங்களின் சத்தம் கேட்டது. மூச்சு. ஈரமான பெரிய மூக்கு ஒன்று அவர் கன்னத்தில் இடித்தது, நாக்கு கண்ணையெல்லாம் வழித்தது. அவர் விலகவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தார். மகாராணி காத்திருந்தது.

"கண்டு..." என்றார். "கண்டுபிடிச்சிட்டியா, திருட்டுக் கழுத."

மகாராணி பெருமூச்சு விட்டு அவர் மடியில் தலையை வைத்தது.

வாசலில் மனைவி நின்றாள்.

"வக்கீல் பாக்கி இருக்கான்" என்றாள். "கொஞ்சம் நகருங்க."

அவள் தவழ்ந்து உள்ளே வந்தாள். மேஜைக்கடியில் இரண்டு பேருக்கும் ஒரு நாய்க்கும் இடம் போதவில்லை. தலையை அவர் தோளில் சாய்த்துத்தான் உட்கார முடிந்தது.

"அவன யாரு அவிழ்த்து விடறது?"

"அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு வந்தேன். இருபது எண்ணிட்டு விடச் சொன்னேன்."

வெளியே, வெயிலில், தங்கைக்காரியின் குரல் கேட்டது. ஒன்று, இரண்டு என்று, தடுமாறித் தடுமாறி, ஆனால் ஒன்றையும் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் தோள் நனைந்துகொண்டிருந்தது.

இருபதோடு எண்ணுவது நின்றது.