வழித்தெடுத்த பனி

பிப்ரவரி 6, வியாழன்.

ஒரு சிறு தவறு. நேற்று தள்ளக் கூடாத இடத்திலிருந்து பனியைத் தள்ளிவிட்டேன். இன்று பதினோரு மணிக்கு எனக்குக் கல்யாணம். நடக்கவில்லை. நான் எழுதப் பழகும் மாலை வகுப்பின் ஆசிரியை வாக்கியங்களைச் சிறிதாக எழுதச் சொல்வார். இன்றைக்கு அது வசதியாக இருக்கிறது.

எங்கள் பள்ளத்தாக்கில் வாசல் பனியை விடியுமுன் தள்ளாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். பெண் கிடைத்த பிறகும் நான் விடவில்லை. கல்யாண விடுப்புக்கு முன் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும் என்று, ஆற்றுக்கு இக்கரைக் காட்டில் இருக்கும் நான்கு காதுகளின் மேலிருந்த பனியை வழித்தெடுத்தேன். காதுகள் என்று பனிச்சரிவுக் கண்காணிப்பில் வேலை செய்யும் நாங்கள் சொல்வது ஒலிவாங்கிகளை. பனிச்சரிவு இறங்கும்போது மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஓசை ஒன்று எழும். அவை அதைப் பிடிக்கும். மேகம் மூடிய நாளில் பனி இறங்கிவிட்டதா என்று அவைதான் சொல்லும். வழித்ததோடு நிற்காமல், பாலாடைக்கட்டியை நறுக்குவதுபோல் ஓரங்களை நேராகச் செதுக்கினேன். படம்கூட எடுத்தேன்.

இன்று காலை மேகம், கூடவே காற்று. தொங்கும் பனியை இறக்க, சாலைக்கு மேலே சரிவில் வெடி வைத்தார்கள். நான் கல்யாணக் கோட்டோடு கட்டுப்பாட்டு அறையில் நின்றேன். திரை முழுக்கக் கிறுக்கல்.

"வெறும் காத்துதான் கேக்குது," என்றான் குர்டின். அவன் என் மேலதிகாரி. இன்று மதியம் என் மச்சானாகியிருக்க வேண்டியவன். "காதுங்க மேல பனி இருக்குல்ல?"

"இல்ல. நேத்தே சுத்தமா வழிச்சுட்டேன்."

அவன் என்னையும் என் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "டேய் துரி, அந்தப் பனிதான்டா காதுங்களுக்குப் போர்வை, காத்து சத்தத்த அதுதான் தடுக்கும், சரிவு சத்தத்த உள்ள விடும். தூங்குறவன் போர்வைய உருவி மடிச்சு வச்சிருக்க."

பனி இறங்கியதா, மேலேயே தொங்குகிறதா, தெரியவில்லை. தெரியாமல் சாலையைத் திறக்க முடியாது. சாலையின் மேல் முனையில், மேலூரில், அவன் தங்கை உர்சினா கல்யாண உடுப்பில் காத்திருந்தாள்.

குர்டின் தொலைபேசியை நீட்டினான். "நீயே சொல்லு."

சொன்னேன். முதலிலிருந்து, வரிசையாகச் சொன்னேன்.

"ஓரமெல்லாம் நேரா வெட்டினியா?" என்றாள்.

"வெட்டினேன்."

"அதான பாத்தேன். இங்க அக்ரூட் கேக்கை வெட்டிட்டோம். எங்க மாமன்மாரு பசி தாங்க மாட்டாங்க. உனக்கு ஒரு துண்டு எடுத்து வச்சிருக்கேன். நாளைக்கும் ரோடு தொறக்கலன்னா அதையும் நானே தின்னுடுவேன்."

பதிவாளர் நாளை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதை விட்டால் மாத முடிவுவரை அவர் ஊரில் இல்லை. நாளையும் மேகம் என்கிறார்கள். ஒன்பது மணிக்கு மறுபடி வெடி. நான் யாரையாவது கேட்டுவிட்டு வழித்திருக்கலாம். ஆனால் பனி தள்ளுவதற்கு யாரைக் கேட்பது?

நாளை: வெடிக்கு முன் காட்டுக்குப் போய், வழித்த பனியை நான்கு காதுகளின் மேலும் திரும்பப் போட வேண்டும். தளர்வாக. தட்டிச் சமன் செய்யக் கூடாது.