மேல்வீட்டுச் சிமெண்டு

தோலெகென் உட்கார்ந்தால் கம்மோடு ஆடியது. சாதாரண ஆட்டமில்லை; கசாக் நாட்டுக் கரகண்டா நகரத்துப் பள்ளங்களில் முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவருக்கே வயிற்றைப் புரட்டும் ஆட்டம்.

"என்னங்க, அல்மாட்டி போய்ச் சேர்ந்தாச்சா?" என்று வெளியிலிருந்து கேட்டாள் மனைவி குல்யாஷ்.

"இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கு, கத்தாதே!"

ஆனாலும் உளியும் சுத்தியலும் எடுக்க வேண்டியதாயிற்று. கம்மோடின் அடியைச் சுற்றிக் கோட்டை மதில் போல ஒரு சிமெண்டுக் கட்டு இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவரே கட்டியது. கீழ்வீட்டு ஜாகுப், தன் கழிப்பறையில் மேலிருந்து தண்ணீர் சொட்டுவதாக வந்து சொன்னார். மறுநாளே தோலெகென் ஒரு அணைக்கட்டுக்குப் போதுமான சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டார். தரை காய்ந்தது. சொட்டு மட்டும் நிற்கவில்லை என்று ஜாகுப் திரும்பத் திரும்ப ஏறி வந்தார்.

"தடவிப் பாரு அண்ணே! பாலைவனம். ஒட்டகம் ஒண்ணுதான் குறைச்சல்."

"தம்பி, நான் முப்பது வருஷம் சுரங்கத்துக்குள்ள தண்ணிச் சத்தத்தைக் கேட்டு உசுர் பிழைச்சவன். இது உன் வீட்டுத் தண்ணிதான்."

"சுரங்கத்துத் தண்ணி உன் காதுக்குள்ளயே தங்கிருச்சு. சும்மா பொய் சொல்லிக்கிட்டுத் திரியாதே!"

இதைத் தோலெகென் சொன்னது படிக்கட்டில் நின்று. ஐந்து மாடிக்கும் கேட்டது. கிட்டத்தட்ட சீன எல்லை வரைக்கும் கேட்டிருக்கும். ஜாகுப் இறங்கிப் போனார். அதன்பின் மேலே வரவேயில்லை. இறந்தவர்களை நினைத்து வெள்ளிக்கிழமை தோறும் பொரிக்கும் ரொட்டியும் இரண்டு வீட்டுக்கும் இடையே போய்வருவது நின்றது.

போன இலையுதிர் காலத்தில் ஜாகுப் போய்ச் சேர்ந்தார். உடலைத் தூக்குமுன், இவர்மேல் யாருக்காவது மனத்தாங்கல் உண்டா என்று வழக்கப்படி கூட்டத்தைக் கேட்டார்கள். தோலெகென் பின்வரிசையில் நின்று, 'அவர் சொன்ன பொய்யை மன்னித்தேன்' என்று பெரிய மனதோடு முணுமுணுத்தார்.

இப்போது மதில் உடைந்தது. கம்மோடைத் தூக்கினார். கட்டடம் கட்டினவர்கள் தரைக்குள் பதித்து, கம்மோடைத் திருகி வைத்திருந்த பலகை, கறுத்த கஞ்சியாக இருந்தது. விரலை விட்டால் மணிக்கட்டு வரை போயிற்று. பின்னால் கழிவுக்குழாய் சேரும் இடத்தில் ஒரு விரிசல். மூன்று வருடமாக அங்கிருந்து கசிந்த தண்ணீருக்கு இவர் பக்கம் வர வழியில்லை. இவர்தான் அடைத்துவிட்டாரே. நேராகக் கீழே இறங்கியிருக்கிறது.

தோலெகென் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எட்டிப் பார்த்த குல்யாஷ் கேலி பண்ணாமல் வாளியும் துணியும் நீட்டினாள். அதுதான் பயமாக இருந்தது.

பலகையைச் சுரண்டி எடுத்தார், குழியை உலர்த்தினார், புது ரப்பர் வளையம் மாட்டினார், போல்ட்டுகளை நிறுத்திக் குழியைச் சிமெண்டால் நிரப்பினார். அது இறுக இரண்டு நாள் வேண்டும்; அதுவரை வீட்டில் கம்மோடு கிடையாது.

"நான் கீழே ஜாகுப் அண்ணன் வீட்டு மதினிகிட்டப் போய்க்குவேன்" என்றாள் குல்யாஷ். "நாங்க பேச்சை எப்ப நிறுத்தினோம்? நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தாங்குவேன்."

மதியம் வரை தாங்கினார். பிறகு எழுபது வயதில் எந்த மனிதனும் இறங்காத வேகத்தில் மாடியிறங்கிக் கதவைத் தட்டினார்.

ஜாகுப்பின் மனைவி பிபிசாரா திறந்தாள். "வாங்க, நெட்டைக் கொழுந்தனாரே" என்றாள். மதினிமுறைக்கு அவள் என்றோ வைத்த பட்டப்பெயர். "இடதுபக்கக் கதவு. ஓடுங்க!"

உட்கார்ந்து மூச்சு விட்டு, அண்ணாந்து பார்த்தார். மேலே பழுப்புக் கறை, கசாக் நாட்டு வரைபடம் அளவுக்கு. அதைச் சுற்றிப் பென்சில் கோடு, பக்கத்தில் தேதி. அதற்கு வெளியே இன்னொரு கோடு, இன்னொரு தேதி. கறை வளர வளர, ஸ்டூல்மேல் ஏறி நின்று ஜாகுப் சுரங்கக் கணக்குப் போல எழுதி வைத்திருந்தார். கடைசித் தேதி செப்டம்பர் பதினொன்று. அதற்குப் பிறகு கறை மட்டும் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"மதினி, அது என் வீட்டுத் தண்ணிதான். அண்ணன் பொய் சொல்லலை."

"எனக்குத் தெரியாதா? அவர்கிட்ட இல்ல சொல்லியிருக்கணும்."

"சிமெண்டு காஞ்சதும் வந்து வெள்ளை அடிச்சுக் கொடுத்துடறேன். ஒரு புள்ளி தெரியாது."

பிபிசாரா தலையசைத்தாள். "வேண்டாம்பா. மேலே இருக்கிறது அவர் கையெழுத்து."

அடுப்படிக்குப் போய் ஒரு தட்டோடு வந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. பொரித்த ரொட்டி, ஜாகுப்பின் பேருக்கு. தோலெகென் ஒன்றை எடுத்தார். பிய்க்க வரவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.