இறக்குங்கள் என்று சொல்லாத திங்கட்கிழமை

வானொலியின் சொல்லைத் தட்டாமல் தையற்காரரின் மனைவி இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் தூக்கியது ஒரு திங்கட்கிழமை காலை ஆறு நாற்பத்துநான்குக்கு. வாரம் ஒரு நாள் மட்டும் வரும் உடற்பயிற்சி நிகழ்ச்சி அது. நடத்தியவர் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். மல்லாந்து படுத்துச் செய்யவேண்டிய பயிற்சிதான். ஆனால் அறை முழுக்க வெட்டிப்போட்ட துணி கிடந்ததால் படுக்க இடமில்லை, அவள் நின்றபடியே செய்தாள். 'இறக்குங்கள்' என்ற சொல் மாஸ்டரின் வாயிலிருந்து வருவதற்குள் மணி ஆறே முக்கால் ஆகிவிட்டது. வானொலி நிலையத்தில் ஆறே முக்கால் என்றால் ஆறே முக்கால்தான். செய்திகள் தொடங்கிவிட்டன. அவள் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளெல்லாம் உட்கார்ந்து பொத்தான் துளை தைத்து மரத்துப்போன கால்களுக்கு இது சுகமாகத்தான் இருக்கிறது என்று அவளே சொன்னாள். தையற்காரருக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கும் அந்த ரேடியோப் பெட்டிக்கும் வந்த நாளிலிருந்தே ஆகாது. மைத்துனர் வாங்கிக் கொடுத்தது என்பது ஒரு காரணம். தான் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதவள், அது பேசினால் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள் என்பது பெரிய காரணம். அன்று மாலை வந்து பெட்டியை விலைக்கு எடுத்துக்கொள்ளும்படி தெருமுனை முடிதிருத்துகிறவரிடம் முந்தின நாள்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார். அதற்காக அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டதையும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடியும்போதும் அவள் ஒரு சாண் உயர்ந்தாள். செய்திக்கு ஒரு சாண், இசைப் பாடத்துக்கு ஒரு சாண், சந்தை விலை நிலவரத்துக்கு ஒன்று, மாதர் நிகழ்ச்சியில் ஓர் அம்மாள் கம்பளி பின்னுவதை விளக்கி முடித்ததும் இன்னொன்று. தையற்காரர் பெட்டியை அணைத்துப் பார்த்தார். ஒரே மூச்சில் இரண்டு சாண் ஏறினாள். உடனே மறுபடி போட்டார். பள்ளிகளுக்கான ஒலிபரப்பில் தவளையின் இதயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் தலை உத்தரத்தைத் தொட்டது. பெட்டியின் ஏரியல் கம்பி அந்த வழியாகத்தான் போகிறது. பிடிமானத்துக்கு அவள் அதைப் பற்றிக்கொண்டதும், நிலையம் அதுவரை இல்லாத தெளிவோடு கேட்டது. அக்கம்பக்கத்தார் வேலையைப் போட்டுவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். கொத்தனார் ஒருவர் அண்ணாந்து பார்த்து, மாலை நாடகம் முடியும்போது ஓடு பெயர்ந்துவிடும் என்றார். அதற்கு மேலே வானம்தான், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

டிரில் மாஸ்டரை மத்தியானமே பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தார்கள். நல்ல மனிதர், கூனிக்குறுகிப்போனார். அவளுக்கு நேர் கீழே நின்று விசில் ஊதி, இறக்குங்கள் இறக்குங்கள் என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். அவள் பாவம், முயற்சி செய்யாமல் இல்லை. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து வந்த சொல்லுக்குப் பெட்டிக்குள்ளிருந்துதான் மாற்று வரவேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தையற்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல், மாஸ்டரைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு நிலையத்துக்கு மிதித்தார்.

நிகழ்ச்சி அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஆச்சரியப்படவில்லை. நேயர்கள் அதைவிட விசித்திரமாகவெல்லாம் கடிதம் எழுதுகிறார்கள். ஆனால் ஒலிபரப்பாகும் ஒவ்வொரு சொல்லும் முன்கூட்டியே எழுதப்பட்டு, கையெழுத்தாகி இருக்கவேண்டும். அடுத்த உடற்பயிற்சி அடுத்த திங்கட்கிழமைதான். தையற்காரர் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவர், நாடாவின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டு நின்றார். அதைக் கொஞ்சநேரம் பார்த்த அதிகாரி, அன்றைய நாடகத்தின் பிரதியை எடுத்துப் புரட்டி, பதினான்காம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இங்க பாருங்க. 'சந்தையில் பலர் பேசும் சத்தம்'னு மட்டும்தான் போட்டிருக்கு. யாரு என்ன பேசணும்னு எழுதல. அந்தக் கூட்டத்துல நின்னு நீங்க எதைச் சொன்னாலும் அது விதிமீறல் ஆகாது."

ஏழு மணிக்கு நாடகம் தொடங்கியது. சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்த ஒலிபரப்பு அறையில், சிவப்பு விளக்கின் கீழ், நடிகர்களோடு இருவரும் நின்றார்கள். சந்தைக் காட்சி வந்தது. எட்டுப் பேர் ஆளுக்கொன்றாக முணுமுணுத்தார்கள். டிரில் மாஸ்டர் மைக்கின் அருகே போய் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மத்தியானக் கத்தலில் குரல் சுத்தமாகப் போயிருந்தது. காட்சி ஒன்றரை நிமிடம்தான். இருபத்திரண்டு வருடத்தில் மனைவியிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசியிராத தையற்காரர், மாஸ்டரை ஒதுக்கிவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தா, இறங்கி வா. நீ மேல நிக்கிறப்ப எனக்குக் கீழ இருக்கப் பிடிக்கல. பெட்டி எங்கயும் போகாது, நம்ம வீட்டுலயே இருக்கட்டும். நீ வந்தா போதும்."

நடிகர்கள் முணுமுணுப்பதை மறந்துவிட்டதால் ஊர் முழுக்க அது தெளிவாகக் கேட்டது. வீட்டில் அவள் இரண்டு ஓடுகளுக்கு நடுவே தலை நுழைந்த நிலையில் கேட்டாள். கம்பியை விட்டாள். அவசரமே இல்லாமல் இறங்கிவந்து, வெட்டிப்போட்ட துணிகளின்மேல் கால் வைத்தாள். பெட்டியைத் தூக்கிப்போக வந்து வாசலில் காத்திருந்த முடிதிருத்துகிறவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு கிளம்பினார். கணவர் வந்து சேர்ந்தபோது அவள் தலைமுடியில் இருந்த ஓட்டுத்தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். சைக்கிளில் காற்று குறைவாக இருக்கிறதே, நாளைக்கு அடித்துவிடுங்கள் என்றாள். அவரும் சரி என்றார்.

அடுத்த திங்கட்கிழமை தையற்காரர் விடிவதற்கு முன்பே எழுந்து, துணியையெல்லாம் ஒதுக்கி, அவள் படுத்துச் செய்ய இடம் பண்ணிவைத்தார். டிரில் மாஸ்டரும் மறக்காமல் இறக்குங்கள் என்று மூன்று முறை சொன்னார். அவள் நின்றபடியே செய்தாள், இறக்கவில்லை. பதினோரு வருடம் வாராவாரம் அப்படித்தான் நடந்தது, மாலையில் தையற்காரர் நிலையத்துக்குப் போய்க் கூப்பிட்ட பிறகுதான் இறங்கினாள். திங்கட்கிழமை நாடகங்களில் ஒரு கூட்டமாவது வரவேண்டும் என்று எழுதுகிறவர்களுக்கு நிலையத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள். ஆளில்லாத தீவில் நடந்த கதையில்கூட ஒரு சந்தை வந்தது. கொத்தனார் அவள் தலை போகும் இடத்தில் இரண்டு ஓடுகளைக் கழற்றி மாட்டும்படி செய்து கொடுத்தார். தையற்காரரின் கடைப் பலகையில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: திங்கள் மாலை கடை இல்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், அன்று யாரும் துணி கொண்டுவரவில்லை.